ராத்திரி ஓடும் ராம் மத்தியானம் தொங்குவது ஏன்?

“நைட்ல நல்லாத்தான் ஓடுதுங்கண்ணா. மத்தியானம் பன்னண்டு மணிக்கு மேலதான் ப்ளூ ஸ்கிரீன் வருது.”

சேலத்தில் சித்திரை பிறந்தால் சர்வீஸ் மேசைக்கு இந்தப் புகாரும் வந்துவிடும். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர், கொலுசு மாடல் வரைகிறவர், வீடியோ எடிட்டிங் பையன் என்று கம்ப்யூட்டரில் வேகமான ராம் (வேலை நடக்கும்போது டேட்டாவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) போட்ட யாரும் சொல்லக்கூடிய புகார்தான். வருவதற்கு முன்பே விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டிருப்பார்கள். சிலர் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியைக்கூட மாற்றியிருப்பார்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் எழும் போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) போய் எக்ஸ்எம்பியை (ராமின் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) அணைத்துப் பார்த்தவர் மட்டும் அபூர்வம். செலவில்லாத அந்த இரண்டு நிமிட வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ராம் பெட்டியில் 6000 என்று போட்டிருப்பதை எல்லோரும் ராமின் வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது ஓவர்கிளாக் வேகம், அதாவது வகுத்த அளவுக்கு மேல் ஓட்டும் வேகம். டிடிஆர்5 என்ற இப்போதைய தலைமுறை ராம் ஸ்டிக்கை, செட்டிங் எதையும் தொடாமல் மாட்டினால் 4800-லோ 5600-லோ, 1.1 வோல்ட்டில் எழுந்திருக்கும். முந்தைய தலைமுறை டிடிஆர்4 என்றால் 2133 முதல் 3200 வரை, 1.2 வோல்ட். இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ (இனி இரண்டையும் எக்ஸ்எம்பி என்றே சொல்கிறேன்) என்ற புரொஃபைலை ஆன் செய்தபிறகுதான் பெட்டியில் உள்ள எண் வரும். அப்போது வோல்டேஜும் 1.35 அல்லது 1.4-க்கு ஏறும். அந்த எண்ணுக்கு ஸ்டிக் செய்தவர் பொறுப்பு. ஆனால் ராமோடு பேசுகிற மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் அல்லவா இருக்கிறது? ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அளவு இரண்டு ஸ்டிக் போட்டால் 5200. 9000 வரிசைக்கு 5600. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசசர்களுக்கு 5600. இந்த அளவுக்கு மேலே போவதெல்லாம் பெரும்பாலும் ஓடும், ஓடியே தீரும் என்று பிராசசர்காரர் எழுதிக் கொடுக்கவில்லை.

(போகிற போக்கில்: மெஷினின் விவரம் காட்டும் சிபியு-இசட் புரோகிராமில் 3000 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு கிளாக்கில் இரண்டு முறை டேட்டா போகும், 3000-ஐ இரண்டால் பெருக்கினால் 6000.)

மத்தியானத்துக்கும் ராமுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ராம் ஒவ்வொரு பிட்டையும் ஒரு நுண்ணிய கெபாசிட்டரில் மின்னூட்டமாக வைத்திருக்கிறது. அது ஓட்டைக் குடம் மாதிரி, கசிந்துகொண்டே இருக்கும். காலியாவதற்குள் திரும்ப நிரப்புவதற்குப் பெயர் ரெஃப்ரெஷ். சூடு ஏற ஏறக் கசிவும் வேகமாகும். டிடிஆர்5-க்கு வகுக்கப்பட்ட இடைவெளி 3.9 மைக்ரோசெகண்ட், சிப் 85 டிகிரியைத் தாண்டினால் அதையும் பாதியாக்க வேண்டும் என்பது விதி. பயாஸில் இது டிரெஃபி என்ற பெயரில் இருக்கும். 6000 வேகத்தில் 3.9 மைக்ரோசெகண்ட் என்பது சுமார் 11,700 கிளாக். வீடியோ பார்த்து டியூன் செய்கிற தம்பிகள் அதை 65,535 என்று வைத்துவிடுகிறார்கள். அப்படியானால் நிரப்பும் இடைவெளி கிட்டத்தட்ட 22 மைக்ரோசெகண்ட், ஐந்தரை மடங்கு. பெஞ்ச்மார்க்கில் நாலு பாயின்ட் கூடும். ஏசி அறையில் மாதக்கணக்கில் ஓடவும் ஓடும். வெளியே 38, 39 டிகிரி, கேபினட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டு ஊதும் அனல், ஸ்டிக் 60 டிகிரி என்றானதும் எங்கோ ஒரு பிட் புரண்டுவிடும்.

புரண்ட பிட் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் கோளாறு வெளியே தெரியும். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் விழுந்தால் ப்ளூ ஸ்கிரீன். பிரவுசரில் விழுந்தால் ஒரு டேப் சாகும். ஃபோட்டோஷாப் ஃபைலுக்குள் விழுந்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சேவ் ஆகும், மறுநாள் திறந்தால் ஒரு பட்டை பச்சையாக இருக்கும், அல்லது திறக்கவே திறக்காது. தொங்குகிற மெஷினைவிட ஆபத்து இதுதான். அதனால் சந்தேகம் வந்த நிமிடமே அந்த மெஷினில் முக்கிய வேலை எதையும் சேவ் செய்வதை நிறுத்துங்கள். எக்ஸ்எம்பியை அணைத்தபிறகு பேக்கப் எடுங்கள். அணைப்பதற்கு முன் எடுக்கும் பேக்கப்பும் கெட்டே போய்ச் சேரலாம்.

ராம் கோளாறா, வேறா என்று பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. ப்ளூ ஸ்கிரீனில் வரும் பெயரை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். இன்றைக்கு மெமரி மேனேஜ்மென்ட், நாளைக்கு ஐஆர்கியூஎல், மறுநாள் பேஜ் ஃபால்ட் என்று ஆளுக்கொரு பெயர் வந்தால் ராம் பக்கம் பாருங்கள். எப்போதும் ஒரே பெயர், கூடவே ஒரே டிரைவர் ஃபைல் பெயர் என்றால் முதலில் டிரைவரைப் பாருங்கள். இன்னொரு சோதனை: ஐந்தாறு ஜிபி உள்ள ஒரு ஜிப் ஃபைல் மேல் வலது கிளிக் செய்து, 7-ஜிப்பின் சிஆர்சி மெனுவில் எஸ்எச்ஏ-256 (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) கணக்கிடச் சொல்லுங்கள். மூன்று முறை செய்யுங்கள். ஒரே ஃபைலுக்கு ஒரே விடைதான் வர வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் பாதி வழக்கு முடிந்தது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9, பெயரில் கே எழுத்துள்ள ஐ5 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அந்த வரிசையில் பிராசசருக்கே அதிக வோல்டேஜ் போய்ப் பழுதாகும் பிரச்சினையை 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டது. வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. கேம் திறக்கும்போது கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று பொய்யாக எரர் காட்டுவதும், ஜிப் பிரிக்கும்போது சிஆர்சி (ஃபைல் கெட்டிருக்கிறது என்ற) எரர் வருவதும் அதன் அடையாளங்கள். பார்த்தால் அச்சாக ராம் கோளாறு போலவே இருக்கும். 2024 செப்டம்பருக்குப் பின் வந்த பயாஸ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எக்ஸ்எம்பி அணைத்தும் இவை தொடர்ந்தால் ராமைத் திட்டாதீர்கள்.

சரி, எக்ஸ்எம்பியை அணைத்தாயிற்று. இரண்டு நாள், அதுவும் மத்தியான வெயிலில், மெஷின் ஒழுங்காக ஓடினால் ஸ்டிக்கில் பழுதில்லை, வேகம்தான் தாங்கவில்லை. அணைத்தும் தொங்கினால் ஸ்டிக், ஸ்லாட், போர்டு, பிராசசர் இந்த நாலில் ஒன்று. அதற்கு ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டும்.

பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். இரண்டு ஸ்டிக் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். அவற்றுக்குத்தான் போர்டில் ஏ2, பி2 என்று பெயர். முதலாவதும் மூன்றாவதும் பக்கத்தில் இருக்கிறதே என்று போட்டால் 3200 வரை சமாளிக்கும், 6000-க்குச் சமாளிக்காது. இப்போதைய போர்டு பலவற்றில் கொக்கி ஒரு பக்கம்தான் இருக்கும். கொக்கி உள்ள பக்கம் ‘டக்’ என்று விழுந்ததும் உட்கார்ந்துவிட்டது என்று கையை எடுத்துவிடுவார்கள். கிராபிக்ஸ் கார்டை ஒட்டிய மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். டார்ச் அடித்து இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கீழிருந்து பாருங்கள்.

ரப்பர் வைத்துத் தேய்ப்பது நம் ஊர்க் கைவைத்தியம். கருகிய பழைய டிடிஆர்3-க்கு அது உதவியது உண்மை. ஆனால் தங்க முலாம் மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போகும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் இரண்டு முறை துடைத்தால் போதும். அம்மாபேட்டை, குகை மாதிரித் தறி ஓடும் தெருக்களில் உள்ள மெஷின்களில் ஸ்லாட்டுக்குள்ளேயே பஞ்சு படிந்திருக்கும். புளோயரைத் தூரத்தில் பிடித்து ஊதிவிட்டு மாட்டுங்கள்.

இனி ஒற்றை ஸ்டிக். முதல் ஸ்டிக்கை ஏ2-வில் மட்டும் போட்டு டெஸ்ட், அடுத்து அதே ஸ்லாட்டில் இரண்டாவது ஸ்டிக். பிறகு இரண்டையும் பி2-வில் தனித்தனியாக. மொத்தம் நாலு ஓட்டம். எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் ஒரே ஸ்டிக் எரர் தந்தால் ஸ்டிக் பழுது. எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரே ஸ்லாட் எரர் தந்தால் போர்டை உடனே குற்றம் சொல்ல வேண்டாம். கூலரின் நாலு ஸ்க்ரூவில் ஒன்றை மட்டும் முறுக்கி இறுக்கியிருந்தால் பிராசசர் ஒரு பக்கம் சாய்ந்து, சாக்கெட்டில் சில பின்கள் சரியாகத் தொடாது. ஒரு சேனலே (ராமுக்கும் பிராசசருக்கும் நடுவில் உள்ள இரண்டு பாதைகளில் ஒன்று) காணாமல் போகும், அல்லது சூடானபின் காணாமல் போகும். கூலரைக் கழற்றி, சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்து, புது பேஸ்ட் வைத்து, குறுக்கு மூலை வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். போர்டு செத்தது என்று தீர்ப்பான மெஷின்கள் இதிலேயே பிழைத்திருக்கின்றன.

டெஸ்ட் என்று சொல்லும்போது விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை நம்பாதீர்கள். அது பழுது என்று சொன்னால் பழுதுதான். நல்லது என்று சொன்னால் அதற்கு மதிப்பு குறைவு. மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை புரோகிராமை பென்டிரைவில் ஏற்றி நாலு பாஸ் முழுதாக ஓட விடுங்கள். 32 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஒரே முகவரியில் ஒரே பிட் திரும்பத் திரும்ப வந்தால் சிப் பழுது. முகவரி தினம் ஒன்றாகச் சிதறி வந்தால் வேகம், வோல்டேஜ் அல்லது கன்ட்ரோலர். 13-ஆம் எண் ஹேமர் டெஸ்டில் மட்டும் எரர் வந்தால் பதற வேண்டாம். அது வேண்டுமென்றே ஒரே வரிசையை அடித்து அடித்துப் பார்க்கும் டெஸ்ட். ஆனால் மெம்டெஸ்ட்86 ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு தூங்கிக்கொண்டிருக்கும், கேபினட் குளிர்ச்சியாக இருக்கும். வேகம் தாங்குமா என்று பார்க்க விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற சோதனை புரோகிராமை ஒன்றரை மணி நேரமும் ஒய்-க்ரஞ்சர் என்பதை ஒரு மணி நேரமும் ஓட்டுங்கள். கடைசியாக டெஸ்ட்மெம்5-ஓடு சேர்த்து கிராபிக்ஸ் கார்டுக்கும் சுமை கொடுங்கள். கேபினட் கதவு மூடியிருக்க வேண்டும், ஏசி அணைந்திருக்க வேண்டும், நேரம் மத்தியானம் இரண்டு மணியாக இருக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேனுக்கு அடியில் கதவைத் திறந்துவைத்துப் பாஸ் ஆன டெஸ்ட் எதற்கும் ஆகாது.

டெஸ்ட் ஓடும்போது, சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வையுங்கள். டிடிஆர்5 ஸ்டிக்கில் சூடு அளக்கும் சென்சார் உள்ளேயே இருக்கிறது. 50-க்குள் இருந்தால் நிம்மதி. 55 தாண்டினால் காற்றைக் கவனிக்க வேண்டும். 60-ல் இறுக்கமான டைமிங் (ராம் பதில் தர எடுக்கும் கிளாக் எண்ணிக்கை) எதையும் நம்ப முடியாது. டிடிஆர்5-ல் வோல்டேஜ் ரெகுலேட்டரும் ஸ்டிக்கிலேயே இருப்பதால் அதன் சூடும் சேர்ந்துகொள்கிறது. ராமுக்கு மேலே, கூலருக்குப் பக்கத்தில் ஒரு 120 எம்எம் ஃபேனைக் கீழ்நோக்கி ஊதுமாறு கட்டினாலே பல டிகிரி இறங்கும். கேபிள் டை போதும், அழகு பிறகு.

வேகம் தாங்கவில்லை என்று உறுதியானால் என்ன செய்வது? வோல்டேஜை ஏற்று என்பார்கள் பலர். சேலம் வெயிலில் முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள்; வோல்டேஜ் ஏறினால் சூடும் ஏறும், சூடுதான் இங்கே எதிரி. டிரெஃபியைத் தொட்டிருந்தால் ஆட்டோவுக்குத் திருப்புங்கள். பிறகு புரொஃபைலை ஆன் செய்து, டைமிங்கை அப்படியே விட்டு, வேகத்தை மட்டும் 6000-லிருந்து 5800, அங்கிருந்து 5600 என்று இறக்குங்கள். நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம்: சிஎல்லை (டைமிங்கில் முதல் எண்) 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோசெகண்ட். 6000 சிஎல்30 என்றால் 10. 5600 சிஎல்30 என்றால் 10.7. இந்த 0.7-ஐக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. டிடிஆர்4 காலத்து 3200 சிஎல்16-ம் அதே 10 தான்.

6000-தான் வேண்டும் என்றால் ஏஎம்டியில் எஸ்ஓசி வோல்டேஜை, அதாவது மெமரி கன்ட்ரோலர் பக்கத்துக்குப் போகும் வோல்டேஜைப் பாருங்கள். 1.15 முதல் 1.25-க்குள் பெரும்பாலான பிராசசர்கள் நின்றுவிடும். 1.30 என்பது எல்லைக்கல். 2023-ல் சில ரைசன் 7000 பிராசசர்கள் கருகியபிறகு ஏஎம்டியே பயாஸ் வழியாகப் போட்ட எல்லை அது. அதற்கு முந்தைய பயாஸோடு யாராவது இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இன்டெல்லில் இதே இடத்தில் சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் தேவைக்கு மேல் வைக்கும்; 1.15-லிருந்து 1.25-க்குள் சிறு படியாக மாற்றி ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் செய்யுங்கள். கூட்டினால் நல்லதாகும் என்று கட்டாயமில்லை, குறைத்தால் நிற்பதும் உண்டு.

பயாஸ் ஏற்றுவதில் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்எம்பி ஆன் ஆக இருக்கும்போது ஏற்றவே கூடாது. பிட் புரளும் ராம் வழியாகப் பயாஸ் ஃபைல் போனால் போர்டே போகலாம். முதலில் டிஃபால்ட்டுக்குத் திருப்புங்கள், யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள், பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்யுங்கள்.

நாலு ஸ்டிக் விஷயத்துக்கு வருவோம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து ஆல்பம் டிசைனர் ஒருவரின் மெஷின் இதற்கு நல்ல சான்று. ரைசன் 7700, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, 6000 சிஎல்30. ஒரு வருஷம் குறையில்லை. முகூர்த்த மாதம் வேலை கூடியதால் அதே மாடல் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டிருக்கிறார். மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆனால் சிபியு-இசட்டில் பார்த்தால் பழைய ஜோடியில் ஒரு கம்பெனியின் சிப், புது ஜோடியில் இன்னொரு கம்பெனியின் சிப். ஒரே பெயரில் உள்ளே சிப் மாறுவது இந்தத் தொழிலில் சகஜம். நாலு ஸ்டிக்கும் தோளோடு தோள் ஒட்டி நிற்க, நடுவில் இருந்த இரண்டும் மத்தியானம் 62 டிகிரி. ரைசன் 7000-க்கு நாலு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி சொல்லும் வேகம் எவ்வளவு தெரியுமா? 3600. இங்கே 6000-ல் ஓடிக்கொண்டிருந்தது. வேகத்தைக் கையால் 4800-க்கு இறக்கி, மேலே ஒரு ஃபேன் கட்டியதும் டெஸ்ட் எரரில்லாமல் முடிந்தது. நிரந்தரத் தீர்வு நாலையும் கொடுத்துவிட்டு 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குவதுதான். 64 ஜிபி வேண்டும் என்று முதலிலேயே தெரிந்தால் இரண்டு ஸ்டிக்காகவே வாங்குங்கள். காலியாகக் கிடக்கும் இரண்டு ஸ்லாட்டைப் பார்த்து மனம் உறுத்த வேண்டியதில்லை.

ஏற்காட்டில் இதே நோய்க்கு வேறு முகம். 1500 மீட்டர் உயரம், மார்கழிக் காலையில் அறையே குளிர்ந்து கிடக்கும். அங்கே முதல் ஆன் செய்கையில் தொங்கும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து சூடானபின் நாள் முழுக்க ஓடும். காரணம் பெரும்பாலும் மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்ற அமைப்பு. ரைசன் 7000, 9000 உட்காரும் ஏஎம்5 போர்டு ஒவ்வொரு முறை எழும்போதும் ராமோடு சிக்னலை அளந்து பழக வேண்டும். அதற்கு நேரமாகும் என்பதால் முன்பு அளந்ததை எடுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் அளந்ததைக் குளிரில் போட்டால் பொருந்தாமல் போகலாம். அதை அணைத்துவிட்டால் ஆன் ஆக அரை நிமிடமோ கூடுதலாகவோ பிடிக்கும், ஆனால் சரியாக எழும். இதன் மறுபுறம்: மலையில் குளிரில் டியூன் செய்த மெஷினை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி அஸ்தம்பட்டிக்குக் கொண்டுவந்தால் பழைய டெஸ்ட் முடிவுகள் செல்லாது. சேலத்துச் சூட்டில் மறுபடி முதலிலிருந்து டெஸ்ட் செய்ய வேண்டும். எஸ்டேட் பங்களாவில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த மெஷின் என்றால், ஆன் செய்வதற்கு முன்பே ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்துவிடுங்கள். மஞ்சு புகுந்து புகுந்து பின்களில் படலம் ஏறியிருக்கும்.

ஏஎம்5-ல் ராம் மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் ராமைக் குறிக்கும் டிராம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். 64 ஜிபி போட்டால் இது பல நிமிடம் நீளும். முப்பது செகண்டில் டிஸ்ப்ளே வரலை என்று அணைத்துவிட்டு, மறுபடி ஆன் செய்து, மறுபடி அணைத்து, நல்ல ராமைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கால் மணி நேரம் ஆகியும் எழாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து, ஒற்றை ஸ்டிக்கில் தொடங்குங்கள்.

டிடிஆர்5-ல் இசிசி என்ற எரர் திருத்தும் வசதி உள்ளேயே இருக்கிறதே, எரரை அதுவே திருத்தாதா என்று கேட்பார்கள். அது சிப்புக்குள் ஒரு பிட் புரண்டால் மட்டும் திருத்தும். ஸ்டிக்கிலிருந்து பிராசசர் வரை போர்டில் ஓடும் தடத்தில் கெட்டால் அதற்குத் தெரியாது. வேகம் கூட்டுவதால் வரும் எரர்களில் பெரும்பங்கு அந்தத் தடத்தில்தான்.

ராம் சரியானபின்னும் விண்டோஸ் அங்கங்கே இடறினால் ஆச்சரியமில்லை; எரர் இருந்த நாட்களில் எழுதப்பட்ட சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கும். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த், அதன்பின் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் இரண்டையும் அந்த வரிசையில் ஓட்டுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் கெர்னலை டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் அதையே எடுத்துவரும், கெட்டிருந்தால் கெட்டதையே.

ஸ்டிக் பழுது என்று முடிவானால் ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே வாரன்டிக்கு அனுப்புங்கள், ஒன்றை மட்டும் அனுப்பினால் வருவது வேறு சிப்பாக இருக்கலாம். ஹீட்சிங்க்கைக் கழற்றிவிட்டால் வாரன்டி போச்சு. பில்லையும் சீரியல் ஸ்டிக்கரையும் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். சேலம் சூட்டில் இரண்டு கோடையில் பில் எழுத்து மங்கிவிடும். கடைசியாக நின்ற வேகம், நாலு முக்கிய டைமிங், எஸ்ஓசி வோல்டேஜ், டெஸ்ட் செய்த தேதி, அன்றைக்கு ஸ்டிக் தொட்ட சூடு இவற்றை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பயாஸ் பேட்டரி தீர்ந்து எல்லாம் டிஃபால்ட்டுக்குப் போகிற அன்றைக்கு, கதவைத் திறந்தால் எண்கள் அங்கே இருக்கும்.